மன்னார்ச் செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்கு இக்காலத்தார் கொள்ளும் பொருள் ஒன்றே. கைப்பொருள் கையைவிட்டுப் போதலையே அவர் செலவு என்பர். பழந்தமிழரோ அச்சொல்லாற் பயணத்தைக் குறித்தனர். தலைவன் பொருள் தேடப் புறப்படுதல் செலவு எனப்பட்டது. புறப்பட எண்ணியவன் சற்றே தயங்கி நிற்றல் செலவழுங்குதல் எனப்பட்டது. அவ்வழுங்குதல் போகாது விட்டுவிடுதலன்று. பிரிவாற் கலங்குவாரைத் தேற்றுதற்பொருட்டுச் சிறிது தங்குதலே என இலக்கண நூலார் விளக்கமுங் கூறினர்.

இவ்விரு பொருள்களும் நேருக்குநேர் மோதியதை 2025 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எமது கல்லூரியின் விளையாட்டுக் குழுக் கூட்டத்திற் கண்டோம். ஆட்டப் பருவத் தொடக்கத்தில் மன்னாரிலுள்ள பாடசாலையொன்று எமது உதைபந்தாட்ட அணியைச் சிநேகபூர்வ ஆட்டம் ஒன்றுக்கு அழைத்திருந்தது. மன்னாருக்கு வாகனம் அமர்த்தும் செலவு வேண்டுமா என்பதே கேள்வி. வேண்டா என்றோர் கூறிய காரணங்கள் இலேசானவை அல்ல. எமது அணி இருபது வயதுக்குட்பட்டோருக்கான இரண்டாம் பிரிவில் ஆடுவது. முந்திய ஆண்டில் ஆடிய ஐந்து ஆட்டங்களுள் நான்கில் தோற்று, ஒன்றிற் சமநிலை கண்டது. துடுப்பாட்ட அணிக்கு உள்ள ஆதரவாளரில் நூறிலொரு பங்கினரும் இதற்கில்லை. உள்ளூரிலே தோற்பதற்குச் செலவில்லை. மன்னாருக்குப் போய்த் தோற்பதற்குப் பணஞ் செலவிடுவானேன் என்றார் ஒருவர். சபையிற் சிரிப்பெழுந்தது. உடற்கல்வி ஆசிரியர் மாத்திரம் சிரித்திலர். "வெளியூருக்குப் போகாத அணி எப்போது அணியாவது?" என்று மட்டுங் கேட்டார். ஈற்றில், உடன்செல்லும் ஆதரவாளர் தத்தம் பங்கைத் தாமே செலுத்துவதாயின் அணியை அனுப்பலாம் எனத் தீர்மானமாயிற்று.

அங்ஙனம் பங்கு செலுத்திப் பின்சென்றோர் நால்வர். தபாற்கந்தோரிற் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர். அவர் 1970 ஆம் ஆண்டளவில் இதே அணியில் ஆடியவர். கடை வைத்திருக்கும் பழைய மாணவர் இன்னொருவர். அவர் இரண்டு வாழைக்குலைகளும் தண்ணீர்ப் போத்தல்களுங் கொண்டுவந்தார். ஆய்வுகூட உதவியாளர் மூன்றாமவர். நான்காமவர் இக்கட்டுரையாளராகிய நாம். வகுப்பறையில் 'நாம்' என்று கூறும்போது மாணவர் சிலர் தமக்குள்ளே நகைப்பதுண்டு. அன்றைய 'நாம்' உயர்வு கருதிய ஒருமையன்று. இருபத்தொருவரை உளப்படுத்திய மெய்யான பன்மை.

தமிழாசிரியருக்கும் உதைபந்துக்கும் யாது தொடர்பு எனச் சிலர் எம்மை வினாவினர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில், பிள்ளையை வகுப்பறைக்கு வெளியே காணாத ஆசிரியன் பிள்ளையின் பாதியையே காண்கின்றான் என்பது எமக்குப் பதிந்த பாடம். நான்கு சுவருக்குள் வாய் திறவாத மாணவன் ஒருவன் மைதானத்திற் பத்துப்பேருக்குக் கட்டளையிடுவதைக் கண்டிருக்கின்றோம். அவனே இவ்வணியின் கோல் காப்பாளன். இக்கட்டுரையின் பெரும்பகுதி அவனைப் பற்றியது.

பயணத்துக்கு மூன்று நாட்களின் முன்னர் அவன் எம்மிடம் வந்து, தான் வரமுடியாது என்றான். ஏன் என்றதற்கு விடை கூறானாய் நிலத்தை நோக்கினான். மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தையார் கட்டார் நாட்டிற் கட்டட வேலை செய்பவர். ஊருக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. தாயார் தையற் பொறியின் முன்னிருந்து எழுந்து வந்தார்.

"சேர், அவனுக்கு வருச முடிவிலை சோதினை. பந்தடிச்சு என்ன கிடைக்கப்போகுது? சனிக்கிழமை போனால் ரெண்டு ரியூசன் போயிடும்" என்றார்.

நாம் அவ்வம்மையாரோடு வாதிட்டிலம். கடல் கடந்து உழைப்பவர் அனுப்பும் பணத்திலே கட்டணஞ் செலுத்தும் தாய்க்கு வகுப்பு ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. பரீட்சை பெரிதே என்றோம். தவறும் தமிழ்ப் பாடத்தை ஞாயிறன்று நாமே வந்து நடத்துவோம் என்றோம். புவியியலுக்கு என்ன செய்வது என்றார். மன்னாருக்குப் போகும் வழி முழுவதும் புவியியலே என்றோம். அம்மையார் முதன்முறை சிரித்தார். "அப்ப இரவு பத்து மணிக்கு முந்திக் கொண்டுவந்து விட்டிடுங்கோ" என்பதே அவர் அளித்த அனுமதிப் பத்திரம்.

வைகாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாயிலிற் கூடினோம். வீரர் பதினாறு பேர், உடற்கல்வி ஆசிரியர், பின்செல்வோராகிய நால்வர். மினிபஸ் மாத்திரம் புறப்பட மறுத்தது. சாரதி முடுக்கினார்; இயந்திரம் இருமியது; அடங்கியது. செலவழுங்குதலுக்கு இதனினும் நல்ல உதாரணம் அகப்படாதென்று எண்ணி, இறங்கி நின்ற மாணவருக்கு அவ்விலக்கணத்தைக் கூறத் தொடங்கினோம். "சேர், தள்ளிக்கொண்டே கேக்கிறம்" என்றான் அணித்தலைவன். பதினாறு பேர் தள்ள, வாகனம் அழுங்குதல் தீர்ந்து செலவு மேற்கொண்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு நாவற்குழி, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி வழியே ஏறத்தாழ 120 கிலோமீற்றர். இக்கணக்கு 2011 ஆம் ஆண்டு தை மாதத்திற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் உண்டானது. 288 மீற்றர் நீளமான அப்பாலம் இல்லாத காலத்தில், வவுனியாவைச் சுற்றிச் செல்வோர்க்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி மிகையாகும். அதற்கும் முன்னாளில் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச்சென்ற மிதவையை எம்மவர் 'பாதை' என்றே வழங்கினர். தரையிற் கிடக்கும் வழிக்கும் நீரில் மிதக்கும் கலத்துக்கும் ஒரே பெயரிட்ட சொல்வளத்தை வியக்காதிருத்தல் இயலாது. ஓய்வுபெற்ற தபாற்காரர் இளமையில் அப்பாதையில் ஏறியவர். அதன் சங்கிலியோசையைத் தாம் இன்றுங் கேட்பதாகக் கூறினார்.

பாலத்தைக் கடந்தபோது காலைக் கதிரொளியிற் கடனீரேரி வெள்ளித் தகடாய்க் கிடந்தது. அணியினர் யாவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். எழுப்பிக் காட்டலாமோ என ஒருகணம் எண்ணினோம். 1993 ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதிற் கிளாலியிலிருந்து இரவுப் படகொன்றில் தந்தையாரோடு இதே நீரைக் கடந்தோம். விளக்கில்லை, பேச்சில்லை, ஒருவர் இருமினும் மற்றவர் அஞ்சினர். அன்று கடந்தவர்களுள் கரை சேராதோர் பலர். அந்நீரின்மேல், வாய் திறந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கவலையற்றுத் துயிலும் பதினாறு இளைஞரைக் கண்டபோது, அவர்கள் உறங்கட்டும் என்றே விட்டோம். இந்நீரின்மேல் உறங்கும் உரிமையை அவர்களின் முன்னோர் பெற்றிலர்.

நிற்க. எம் மாணவப் பருவத்து வெளியூர் ஆட்டங்களைப் பற்றி இளைய வாசகர்க்கு இரண்டொரு சொற் கூறுதல் தகும். அந்நாளில் வெளியூர் என்பது மிதிவண்டி எட்டும் எல்லை. மிகத் தொலைவாய்ச் சென்றது பருத்தித்துறைக்கு. போக இருபது மைல், வர இருபது மைல். வண்டிக்கு இருவர் வீதம் மாறிமாறி மிதித்தோம். பந்தை மடியில் வைத்துக்கொண்டு குறுக்குச் சட்டத்தில் அமர்ந்திருப்பவனே கோல் காப்பாளன். 1995 ஆம் ஆண்டுப் பங்குனியிற் கொழும்பில் நடந்த தென்னாசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி கிண்ணம் வென்றது. மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அவ்வாண்டு ஐப்பசி முடியுமுன்னரே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாம் ஆடிய மைதானத்திற் புல் வளர்ந்தது. 2002 ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஆம் ஆண்டில் மீண்டும் மூடியது. 2009 ஆம் ஆண்டின் பின்னர் மீளத் திறந்தது. வீதிகள் எல்லாம் திறந்தபின்பு, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நோய் தடுத்தது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சந் தடுத்தது. ஆகவே, பதினாறு மாணவர் வாகனத்திலேறி அயல் மாவட்டத்துக்கு ஆடப்போதல் எத்துணைச் சிறு காரியமாகத் தோன்றினும், அதன் விலை எமக்குத் தெரியும்.

பூநகரியைக் கடந்தபின் கோல் காப்பாளன் விழித்தெழுந்து எம் அருகில் வந்தமர்ந்தான். அறுவடை முடிந்த வயல்கள், பனந்தோப்புகள், முட்புதர், நீர்வற்றிய குளங்கள் என மாறிமாறி வந்தன. பனையோலைகள் யாவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. "இது சோழகம் தானே சேர்?" என்றான். ஆம், தென்மேற்குப் பருவக்காற்று. நாமதனைச் சோழகம் என்போம் என்றோம். சிறிது நேரம் வெளியே நோக்கியிருந்து, "மன்னாரிலை இதைவிடப் பலமா இருக்குமோ?" என்றான். தாயாரிடம் நாம் வாக்களித்த புவியியல் இங்ஙனந் தொடங்கியது.

மாதோட்டத்தில் வாகனத்தை நிறுத்தித் திருக்கேதீச்சரப் பெருமானை வணங்கினோம். சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற அத்தலம், போர்த்துக்கேயராற் சிதைவுற்றுக் காடடர்ந்து கிடந்தமையும், 1872 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அதனை மீட்டெடுக்குமாறு சைவ மக்களை வேண்டியமையும், 2022 ஆம் ஆண்டு ஆனியிற் குடமுழுக்கு நிகழ்ந்தமையும் மாணவர்க்குக் கூறினோம். பாலாவிக் கரையிற் கால் நனைத்துத் திருநீறணிந்து வந்தனர். இடப்புற முன்னணி வீரன் நெடுநேரங் கைகூப்பி நின்றான். யாது வேண்டினாய் என்றோம். "ஒரேயொரு கோல் சேர்" என்றான். கேட்பதிலும் அளவறிந்தவன்.

தீவுக்குச் செல்லும் தாம்போதியில் ஏறியதுமே காற்று வாகனத்தை உலுப்பியது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டு மார்கழியில் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் முப்பது உள. அவ்வளவு பொருட்செலவிற் காற்றாலை நாட்டியவர் இடத்தை ஆராயாது நாட்டியிரார். கோல் காப்பாளன் தொலைவிற் சுழன்ற அவற்றை விரலால் எண்ணினான். எண்ணி முடித்துப் பெருமூச்செறிந்தான்.

மன்னாரில் எமக்குக் கிடைத்த வரவேற்பை ஈண்டுக் கூறாது விடுதல் நன்றியன்று. அப்பாடசாலையார் எம் கல்லூரியின் பெயரிலே 'இந்து' என்னுஞ் சொல்லைக் கண்டு, சனிக்கிழமை என்பதையும் எண்ணி, எமக்கென மரக்கறி உணவு சமைத்திருந்தனர். கத்தரிக்காய்ப் பாற்கறி, பருப்பு, முருங்கையிலை வறை, அப்பளம் ஆகியன வாழையிலையிற் பரிமாறப்பட்டன. எமக்கு அது அமிழ்தாயிருந்தது. ஆயின், மன்னாரின் நண்டையும் மீனையும் எண்ணி மூன்று நாட் கனவு கண்டிருந்த எம் வீரர் கத்தரிக்காயை நோக்கிய நோக்கு இரங்கத்தக்கது. அவர்களோடு உண்ண அமர்ந்த மன்னார் மாணவன் ஒருவன் அந்நோக்கின் பொருளை உணர்ந்தான். ஒன்றும் பேசாது எழுந்துபோய், தன் வீட்டிலிருந்து ஒரு சட்டி மீன்குழம்போடு வந்தான். தமிழாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் அவ்வேளை வேறுபக்கம் நோக்கியிருந்தனர் என்பதைச் சாட்சியாக எழுதுகின்றோம். பிற்பகல் ஆட்டத்தில் எம்மவர்க்கு எதிராக முதற் கோல் அடித்தவன் அக்குழம்பைக் கொணர்ந்த மாணவனே.

மைதானம் மணற்பாங்கானது, கடலிலிருந்து தொலைவில் இல்லை. மன்னாரில் உதைபந்தாட்டம் ஊர்முழுவதுக்கும் உரியது. கடற்றொழில் முடித்து வந்தோர், பாடசாலைப் பிள்ளைகள், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார் எனப் பலநூற்றுவர் எல்லைக்கோட்டைச் சுற்றி நின்றனர். எம் பக்கத்தில் நால்வர். ஊரின் புகழ்பெற்ற கழுதைகள் மூன்று, நடுவட்டத்தில் ஆறுதலாக நின்றன. அவற்றை அப்புறப்படுத்தப் பத்து நிமிடங்கள் சென்றன.

நாணயச் சுழற்சியில் எம் தலைவன் வென்று, காற்று முதுகிற்படும் பக்கத்தைத் தேர்ந்தான். புறத்திணை கற்றார்க்கு உதைபந்தாட்டத்தை விளக்கவேண்டியதில்லை. பந்தைக் கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, எதிர்கோலை முற்றுதல் உழிஞை, தன்கோலைக் காத்தல் நொச்சி. தொல்காப்பியர் நொச்சியைத் தனித்திணையாக்காது உழிஞையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ அதனைத் தனித்திணையாக வைத்தது. அன்றைய பிற்பாதியைக் கண்டோர் வெண்பாமாலையின் பக்கமே நிற்பர்.

முற்பாதியின் இருபதாம் நிமிடமளவில் எமக்கொரு மூலை உதை கிடைத்தது. திருக்கேதீச்சரத்தில் ஒரேயொரு கோல் வேண்டிய அதே வீரன் உதைத்தான். உயர்ந்த பந்தைச் சோழகம் ஏந்தி வளைத்தது. அது எவர் தலையையுந் தீண்டாது கோலினுள் வீழ்ந்தது. ஒருவருந் தொடாத பந்து கோலாகுமா எனச் சுற்றிநின்றோரிற் சிலர் முழங்கினர். மத்தியஸ்தர் அமைதியாக நடுவட்டத்தைச் சுட்டினார். 1924 ஆம் ஆண்டு முதல் மூலை உதை நேரே கோலாதல் விதிப்படி செல்லும் எனத் தபாற்காரர் அயலில் நின்றோர்க்கு விளக்கினார். "ஐயா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு மீனவர் அவருக்கு இருக்கை கொடுத்தார். இடைவேளையில் எம்மவர் ஒன்றுக்குப் பூச்சியம் என முன்னின்றனர். அணித்தலைவன் அப்பொழுதே கொடியின் படபடப்பை நோக்கியபடி, "இனித்தான் ஆட்டம்" என்றான்.

அதுவே நிகழ்ந்தது. காற்றுக்கு முகங்கொடுத்து எம் கோல் காப்பாளன் உதைத்த பந்து நடுக்கோட்டை எட்டாது திரும்பியது. ஒருமுறை அவன் தலைக்கு மேலாகவே பின்சென்று மூலை உதையாயிற்று; கூட்டம் ஆரவாரித்துச் சிரித்தது. அதன்பின் அவன் பந்தை உயர்த்தி உதைத்திலன். நிலத்தோடு நிலமாக உருட்டி அருகிலிருந்தோர்க்கு வழங்கினான். அயலூர்க் காற்றை ஐந்து நிமிடத்திற் கற்றுக்கொண்ட அவ்வறிவைப் பரீட்சை மண்டபத்தில் அளப்பதற்குக் கருவியில்லை.

இதற்கிடையில், இடைவேளையின்போது நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும். தபாற்காரரின் கைத்தொலைபேசியில் கோல் காப்பாளனின் தந்தையார் கட்டாரிலிருந்து அழைத்தார். மகன் ஆடுவதைக் காண முடியுமோ என்று கேட்டார். அங்கே அப்பொழுது நண்பகல் கழிந்த நேரம். வேலைக்கிடையே கிடைத்த ஓய்வு. 2022 ஆம் ஆண்டில் உலகக் கிண்ணம் நடைபெற்ற அந்நாட்டில் வாழ்ந்தும், அதன் விளையாட்டரங்கு ஒன்றினுள்ளும் அவர் பார்வையாளராகக் காற்பதித்ததில்லை என மகன் எமக்குக் கூறியதுண்டு. தபாற்காரர் தொலைபேசியை எல்லைக்கோட்டருகே உயர்த்திப் பிடித்தார். எழுபதைக் கடந்த அக்கை பிற்பாதி முழுவதும் தாழவில்லை. "தாருங்கள் ஐயா, நாம் பிடிக்கின்றோம்" என்றதற்கு, "வேண்டாம் தம்பி, இதுவும் தபால் தானே" என்றார்.

பிற்பாதியின் நடுவில் மீன்குழம்பு கொணர்ந்த வீரன் பிறீ கிக் ஒன்றிற் காற்றின் துணையோடு கோல் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. பின்னர் எம் பின்வரிசை வீரன் ஒருவன் எதிரியைக் காலால் இடறிவிட, தண்டனை உதை விதிக்கப்பட்டது. கோலின் அகலம் 7.32 மீற்றர்; பந்து வைக்கப்படும் புள்ளிக்கும் கோலுக்குமிடை தூரம் 11 மீற்றர். இத்துணை அகலத்தை ஒருவன் காத்தல் பெரும்பாலும் ஊழின் செயல். எம் இளைஞன் பாய்ந்திலன். உதைப்பவனின் கண்ணை நோக்கியவாறு ஈற்றுக் கணம் வரை அசையாது நின்றான். பலர் ஏதேனும் ஒரு பக்கம் பாய்வர் என நம்பி, உதைத்தவன் நடுவிலே அடித்தான். பந்து அவன் மார்பில் இடித்து வீழ, அதன்மேல் படுத்து அணைத்துக்கொண்டான். மன்னார் மக்கள் தம் அணிக்கு நேர்ந்த இழப்பை மறந்து கைதட்டினர். தொலைபேசியினுள்ளிருந்தும் ஓசை கேட்டது. தந்தையாரோடு இன்னும் பலர் அங்கே கூடிவிட்டனர் போலும்.

வாகை எமக்கு வாய்த்திலது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், கூட்டமாய் வந்த தாக்குதலில் இரண்டாங் கோல் விழுந்தது. அதனை எவராலுங் காத்திருக்க முடியாது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஊதல் ஒலித்தபோது எம் கோல் காப்பாளன் மணலில் முகங்கவிழ்ந்து கிடந்தான். தண்டனை உதையைத் தவறவிட்ட மன்னார் வீரன்தான் முதலில் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்தினான். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தனர். யாது பேசினர் என்பதை நாம் வினவிலம். அஃது ஆசிரியர் அறியவேண்டிய பாடமன்று.

தபாற்காரர் தொலைபேசியை மகன் கையிற் கொடுத்தார். தந்தையாரின் குரல் எமக்குங் கேட்டது. "ரெண்டாவது உன்ரை பிழையில்லை, நான் பாத்தனான்" என்றார். நான்கு ஆண்டுகளாகக் காணாத மகனுக்கு அவர் கூறியது அவ்வளவே. மகன் மறுமொழி கூறாது, நன்கு விளங்கியவன் போலத் தலையசைத்தான். வெல்லும் அணியைத் தொடர்ந்து செல்வோர்க்குக் கிண்ணங் காணக் கிடைக்கும். தோற்கும் அணியைத் தொடர்ந்து செல்வோர்க்கு இத்தகையன காணக் கிடைக்கும்.

திரும்பும் வழியில் வாகனம் நெடுநேரம் மௌனமாயிருந்தது. இலுப்பைக்கடவை கடந்தபின் ஒருவன் தாளமிட, மற்றவன் பாட, பூநகரியை அணுகுமுன் தோல்வி பாதி தீர்ந்துவிட்டது. இம்முறை பாலத்தில் எவரும் உறங்கிலர். இருளில் நீர் தெரியவில்லை. தூரத்தே மீன்பிடிப்போர் விளக்குகள் சில தெரிந்தன. "சேர், நீங்கள் சின்னனிலை இதைப் படகிலை கடந்தனீங்களாம், தபால் ஐயா சொன்னவர்" என்றான் அணித்தலைவன். அப்பொழுது கூறினோம். பதினாறு பேருங் கேட்டனர். இத்தகைய பாடங்களை நடத்துதற்கும் ஏற்ற இடமும் வேளையும் உண்டு.

இரவு ஒன்பதே முக்காலுக்குக் கோல் காப்பாளனை வீட்டிற் சேர்த்தோம். தாயார் படலையடியில் நின்றார். வென்றதா தோற்றதா என்று கேட்டிலர். செய்தி கட்டாரைச் சுற்றி அவரை முன்னரே அடைந்திருந்தது. "அவையள் எங்கடை பக்கம் ஆட எப்ப வருவினம் சேர்?" என்று கேட்டார். ஆடி மாதத்தில் அழைக்க எண்ணம் என்றோம். "மன்னாராக்களுக்கு நாங்கள் மீன் காய்ச்சிக் குடுக்கிறதோ? ஆடிப்பிறப்போடை வரச்சொல்லுங்கோ. கூழும் கொழுக்கட்டையும் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். மறுநாட் காலை வாக்களித்தவாறு சென்று தமிழ்ப் பாடத்தை நடத்தினோம். மாணவன் உடல்நோவோடு இருந்தும் கவனந் தவறவில்லை. தாயார் தையலை நிறுத்திவிட்டுத் தாமுங் கேட்டார்.

ஆடிப்பிறப்புக் கழிந்த சனிக்கிழமை மன்னார் அணியினர் வந்தனர். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையில் முடிந்தது. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறுமிட்ட ஆடிக்கூழைப் பலாவிலையிற் கோலிக் குடித்து, மன்னார் மாணவர் மூன்றாமுறையுங் கேட்டனர். அத்தாயாரும் அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் முகமலர்ந்து பரிமாறினர். சனிக்கிழமை வகுப்பு அன்றும் தவறியது. எவரும் அதனைப் பற்றிப் பேசிலர்.

அடுத்த விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் மன்னார்ச் செலவின் கணக்கை நாமே வாசித்தோம். டீசல் இவ்வளவு, வாகன வாடகை இவ்வளவு, தண்ணீரும் பழமும் அன்பளிப்பு என வாசித்து முடித்ததும், "வரவுப் பக்கத்தில் ஒன்றுமில்லையே" என்றார் முன்னர் நகையாடிய அதே உறுப்பினர். செலவுக்கு எதிர்ச்சொல் வரவு என்பது உண்மை. பணம் வருதலும் வரவு. விருந்தினர் வருதலும் வரவு. ஆடி மாதத்தில் எம் மைதானத்துக்கு வந்த மன்னார் இளைஞர் பதினெண்மரும், கூழ்ப் பானையோடு கல்லூரி வாயிலை முதன்முறை மிதித்த தாயாரும் அக்கணக்கின் வரவுப் பக்கத்துக்கு உரியர் என்றோம். அவ்வுறுப்பினர் சிறிது சிந்தித்தார். அடுத்த ஆண்டுக்கான பயணப்பணத்தை முன்மொழிந்தவர் அவரே என்பதை நன்றியோடு குறிக்கின்றோம்.

பழைய மாணவ அன்பர்காள், இவ்விழா மலரிலே நும்முட் பலர் நீவிர் ஆடிய நாட்களின் வெற்றிகளை எழுதியிருப்பீர். படித்து நாமும் மகிழ்வோம். ஆயினும் கல்லூரி அணி இன்றும் ஆடுகின்றது. எமது மினிபஸ்ஸில் இருக்கைகள் இருபத்தைந்து. மன்னாருக்குச் சென்றோர் இருபத்தொருவர். நான்கு இருக்கைகள் வெறுமையாய் இருந்தன. அடுத்த பருவத்தின் முதலாவது வெளியூர்ச் செலவு சித்திரைப் புத்தாண்டு கழிந்து சில வாரங்களிற் புறப்படும். அணி வெல்லுமென்று வாக்களிக்க முடியாது. வாகனத்தைத் தள்ள வேண்டியும் வரலாம். அதற்கு இசைந்தோர் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாயிலுக்கு வருக.